கிழக்கு பார்த்த வீடு

ஜனவரி 4, சனி

சாவி கைக்கு வந்துவிட்டது. நாட்டிங்ஹாமில் நான் பார்த்த பதினாலாவது வீடு. முதல் பதின்மூன்றில் நாலு எனக்குப் பிடிக்கவில்லை, ஒன்பது பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை. இங்கே வாடகை வீடு பார்ப்பது ரேஷன் கடைக்குப் போவது மாதிரிதான். ஒரே நேரத்துக்குப் பன்னிரண்டு பேரை வரச்சொல்லி, மழையில் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு ஏழு நிமிடம் காட்டுகிறார்கள். ஏழு நிமிடத்தில் நான் குழாயைத் திறந்து பார்த்தேன், ஜன்னலை ஆட்டிப் பார்த்தேன், மாடிப்படியில் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்தும் பார்த்தேன். உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

பேட்டையின் பெயரை எழுதும்போது ஸ்நெயின்டன், சொல்லும்போது ஸ்னென்டன். ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. மார்க்கெட் பத்து நிமிட நடை. ஸ்டேஷன் பதினைந்து, அங்கே டிராம் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். பிறகு வாடகை மட்டும் எப்படிக் குறைவு என்று எக்ஸ்ரே பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் ஷைனியிடம் கேட்டேன். "அந்த ஏரியாவா?" என்று மூக்கைச் சுளித்தாள். ஒருநாள்கூட இந்தப் பக்கம் வந்ததில்லையாம்.

செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. கதவைத் திறந்து கால் வைத்தால் நடைபாதை. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு, பின்னால் சமையலறை. அதன் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். அதைத் துடைத்துக்கொள்ளலாம். துடைக்க முடியாத குறை இரண்டு உண்டு. ஒன்று, இது மார்கழி மாதம். இன்னொன்று, வாசல் தெற்கு பார்த்தது.

ஜனவரி 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

போன மாதம் அத்தை ஈரோட்டிலிருந்து போன் செய்தார். என் மாமியார்தான். "ஏங்கண்ணு, புது வூட்டு வாசப்படி எந்தப் பக்கம் பாத்துருக்குது?" என்று கேட்டார். "கெழக்குங்க அத்த" என்று நான் சொன்னேன். யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

அத்தைக்குத் தெற்கு வாசல் என்றால் வெறும் சாஸ்திரம் இல்லை. பவானியில் அவர்கள் குடியிருந்த தெற்கு பார்த்த வாடகை வீட்டில்தான் மாமனார் இறந்தார். அந்த வீட்டுக்குப் போய் இரண்டாம் வருடம். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு தெற்கு வாசல் வீட்டில் அத்தை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. என் கணவர் பூபதியும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்: "எங்கம்மா மனசு நொந்துச்சுன்னா என்னால அங்க வந்து நிம்மதியா இருக்க முடியாது மேகலா." கல்யாணமாகி மூன்று வருடம், அதில் பதினாலு மாதம் நான் இங்கே, அவர் அங்கே. விசா வந்தால் ஏப்ரலில் வருவார்.

மார்கழியில் குடிபோவதும் ஆகாது. அதனால் தை இரண்டாம் தேதிதான் குடிபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை இந்த வீட்டில் நான் இல்லை. இல்லாத வீட்டில் இப்போது ரசம் கொதிக்கிறது.

ஜனவரி 8, புதன்

பூபதி போஸ்ட்கோடு கேட்டார். ஏதோ பார்சல் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன்.

ஜனவரி 9, வியாழன்

பச்சைக் குப்பைத் தொட்டியை வெளியே வைத்தேன். இந்த வாரம் வைக்க வேண்டியது பழுப்பு. தெருவே பழுப்பாக நிற்க என் வாசலில் மட்டும் பச்சை. எதிர்வீட்டுப் பெண்மணி தெருவைத் தாண்டி வந்து மாற்றி வைத்துவிட்டு, "பரவாயில்லை, மீ டக்" என்றாள். என் வாத்தே என்று அர்த்தமாம். இந்த ஊரில் பஸ் டிரைவர் முதல் டாக்டர் வரை எல்லாரும் எல்லாருக்கும் வாத்துதான். அவள் பெயர் லொரெய்ன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எனக்கு அம்மா வயதிருக்கும், நடை மட்டும் என்னைவிட வேகம்.

ஜனவரி 15, புதன்

இன்று முறைப்படி குடிபுகுந்தேன். பதினோரு நாளாகப் போட்டிருந்த துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் மேலறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். வீடியோவில் அத்தை பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார். பால் பொங்கியது. அடுப்பில் வழிந்து தீய்ந்தது. கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி ஊளையிட ஆரம்பித்தது. நான் முக்காலியில் ஏறித் துண்டால் விசிற, அத்தை அங்கிருந்து, "மங்கள வாத்தியமா கண்ணு?" என்று கேட்டார். ஆமாங்க அத்தை என்றேன். கணக்கில் இன்னொரு பொய்.

அடுத்து அந்தக் கேள்வி வந்தது. "வாசலத் தொற. சூரியனக் காட்டு, கும்புட்டுக்கறேன்."

காலை எட்டரை மணி. கதவைத் திறந்தேன். வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரே மேகம்.

"எங்க கண்ணு சூரியன்?"

"மேகத்துக்குப் பின்னாலங்க அத்த."

இன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அத்தை அந்த மேகத்தையே கும்பிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. ஒரு மாதிரி இருந்தது.

ஜனவரி 29, புதன்

மேகம். நன்றி.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூஞ்சணத்தை மூன்றாவது முறையாகத் துடைத்தேன். பின்பக்கம் வடக்கு, அங்கே ஈரம் காய்வதே இல்லை. முன்னறைச் சுவர் மட்டும் நன்றாக உலர்ந்து, தொட்டால் கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட இருக்கிறது. ஏன் என்று யோசிக்க நான் விரும்பவில்லை.

மத்தியானம் மேட்டுக்கு ஏறிக் காற்றாலையைப் பார்த்துவந்தேன். இந்தப் பேட்டையின் உச்சியில் ஒரு பழைய மாவு மில் இருக்கிறது. இன்னும் காற்றில் ஓடி, மாவு அரைத்து விற்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் அதன் தலை தானாகவே திரும்பிக்கொள்ளுமாம். கொடுத்துவைத்த கட்டடம், அதனிடம் யாரும் திசை கேட்க மாட்டார்கள். ஒரு பை கோதுமை மாவு வாங்கினேன். சப்பாத்தி கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்தது, ருசி நன்றாக இருந்தது.

பூபதி வீடியோவில் வீட்டை ஒரு சுற்றுக் காட்டச் சொன்னார். காட்டினேன். முன்னறை ஜன்னல் எத்தனை அடி, மாடிப்படி எத்தனை, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒரே கேள்வி. திரைச்சீலை தைக்க என்கிறார். அடுப்புக்கு எதற்குத் திரைச்சீலை? அவர் நில அளவையர். காடு, தோட்டம், வீட்டுமனை என்று பதினோரு வருடமாகச் சங்கிலி பிடித்து அளக்கிறவர். அளக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும் போல. கதவுப் பக்கம் வந்தபோது போனைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

விசா வந்துவிட்டது! ஏப்ரல் 12-க்கு டிக்கெட். நாலு நோயாளிகளிடம் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, நானும் விட மறந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

வந்தேவிட்டது. வெயில்.

லொரெய்ன் ஜனவரியிலேயே எச்சரித்திருந்தாள். "மார்ச் வரட்டும், எங்கள் கூரையைத் தாண்டி உன் படியில் இறங்கும் பார்" என்று. சொன்னபடியே இன்று பகல் பன்னிரண்டுக்கு வாசல்படி முழுக்க மஞ்சளாகக் கொட்டியது. அவள் ஒரு மடக்கு நாற்காலியும் டீக்கோப்பையுமாகத் தெருவைத் தாண்டி வந்து என் சுவரோரம் உட்கார்ந்தாள். வருடா வருடம் இந்த இடம் அவளுக்குப் பாத்தியமாம், முன்பிருந்தவர்களும் விட்டார்களாம். உன் பின்கட்டில் வெயில் இல்லையா என்று கேட்டேன். "இருக்கிறது. ஆனால் அங்கே பேச ஆளில்லை" என்றாள்.

அவளும் நானும் படியில் உட்கார்ந்து கன்னத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பேசினார்கள். போலந்துக்காரர் நாய்க்குட்டியைக் காட்டினார். மூலைக்கடை பஷீர் வெண்டைக்காய் வந்திருக்கிறது என்றார். இரண்டு மாதத்தில் இத்தனை பேருக்கு என் பெயர் எப்படித் தெரிந்தது?

அப்போதுதான் பூபதி வீடியோவில் கூப்பிட்டார். எடுத்துத் தொலைத்தேன். லொரெய்ன் தலையை நீட்டி, "நீதான் கணவனா? அதிர்ஷ்டக்காரன்! தெற்கு பார்த்த வீடு கிடைத்திருக்கிறது. இந்த வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். சவுத் ஃபேசிங், சவுத் ஃபேசிங் என்று இரண்டு தடவை.

பூபதி சிரித்தபடி அவளுக்குக் கையாட்டினார். பிறகு என்னிடம், "அந்தக்கா யாரு? நல்லவங்களாட்டம் இருக்குது" என்றார். அவ்வளவுதான். நெட்வொர்க் சரியில்லை, காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தாலும் அவள் பேசும் வேகத்துக்குப் புரிந்திருக்காது.

மார்ச் 11, செவ்வாய்

மூன்று நாளாக அவர் கூப்பிடவில்லை. சத்தியமங்கலம் பக்கம் ஏதோ பெரிய அளவை வேலை என்று ஒரு வரி மட்டும் வந்தது. வேலை இருக்கத்தான் செய்யும். எனக்கும் தலைக்கு மேல் வேலை.

படுக்கையறை அலமாரியில் அவருக்கென்று விட்டிருந்த பாதியை மறுபடி துடைத்தேன். நேற்றும் துடைத்தேன்.

மார்ச் 12, புதன்

கூப்பிட்டார்! வாசப்படி எத்தனை அடி அகலம் என்று கேட்டார். இரண்டே முக்கால் என்றேன். சரி என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

வீட்டு ஏஜென்டிடமிருந்து கடிதம். முதல் ஆறு மாதம் ஜூலையில் முடிகிறது. இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொடுக்கிறாயா, இல்லை விற்க ஆள் பார்க்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்கிறாராம். அடுத்த வெள்ளிக்குள் பதில் வேண்டும். ஷைனி வீட்டுப் பக்கம் ஒரு வீடு காலியாகிறது. வாசல் கிழக்கு. அதிர்ஷ்டம் என்றால் இப்படி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பார்த்தேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். போன் திசைகாட்டியை வாசலில் வைத்தேன், நூல் பிடித்தாற்போல் கிழக்கு என்று காட்டியது. சுவரில் ஈரம் இல்லை, தரையில் புதுக் கம்பளம், பின்னால் புல்தரை. வாடகை கொஞ்சம்தான் கூட. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நாற்பது நிமிடம் இருந்தேன். தெருவில் ஒரு ஆள் நடக்கவில்லை. ஒரு பூனைகூடப் போகவில்லை.

ஷைனி டீ கொடுத்தாள். "இங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வந்து நாலு வருடமாகிறது.

திரும்பி வந்து தெருமுனையில் திரும்பியபோது லொரெய்ன் என் சுவரோரம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொஞ்சம் திறந்தபடி. நான் சத்தம் போடாமல் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

மார்ச் 21, வெள்ளி

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த வீட்டுக்கு, இரண்டு வருடம்.

காரணம்: டிராம் வசதி. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவது முடியாத காரியம். தவிர மார்க்கெட் பக்கம்.

மார்ச் 21, அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின்

டிராம் எல்லாம் சும்மா. எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது. படிக்கும்போது ஹாஸ்டல், பிறகு மாமியார் வீடு, பிறகு ஐந்து பேர் ஒரே குளிர்பெட்டியில் அவரவர் பால் புட்டியில் பெயர் எழுதி ஒட்டிய வீடு. என் முப்பத்தொரு வயதில் நானே பார்த்து, நானே வேண்டும் என்று சொன்ன முதல் வாசல் இது. தெற்கு பார்த்திருந்தால் என்ன செய்ய? பார்த்திருக்கிறது.

ஆனால் அவர் வந்து வாசலில் நின்று சூரியனைப் பார்த்து, பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றுவிட்டால்? அதற்குத்தான் நான் ஜனவரியிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். வீட்டை அல்ல, அவரை இழந்துவிடுவேனோ என்று. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள். ஒரு நாட்டுக்கே நேரத்தைப் பற்றிப் பொய் சொல்ல அனுமதி இருக்கிறது. நான் சொன்னது ஒரு திசை.

ஏப்ரல் 12, சனி

வந்துவிட்டார். பர்மிங்ஹாம் ஏர்போர்ட்டில் கூட்டத்துக்கு நடுவே, நெற்றியில் திருநீறும் கையில் மூன்று முழ முருங்கைக்காய்க் கட்டுமாக. முருங்கைக்காயை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை. இளைத்திருக்கிறார். கிட்டே வந்து, "ஏம்புள்ள, இப்பிடி வெளுத்துப்போயிட்ட" என்றார். நான் அழுதேன், அழவில்லை என்று வாதம் செய்தேன்.

வீடு வந்து சேரும்போது நல்ல மழை. வானத்தில் எந்தத் திசையுமே இல்லை. பெட்டியை உள்ளே வைத்தார். இரண்டு பெட்டியையும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். முருங்கைக்காய்ச் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல். "ஏனுங்க, இந்த வூடு கெழக்கு இல்லீங்க. தெக்கு. நாந்தான் பொய் சொல்லிட்டேன். ரெண்டு வருசத்துக்கு எழுதியுங் குடுத்துட்டேன்."

அவர் சாம்பாரை முடித்தார். காயைக் கடைசி நார் வரை மென்றார். கை கழுவிக்கொண்டு போய்ப் பெட்டியிலிருந்து அளவை நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

என் வீடு. பென்சிலில், அளவோடு. முன்னறை ஜன்னல், பதின்மூன்று மாடிப்படி, அடுப்பு, கதவு, இரண்டே முக்கால் அடி வாசல். பூஞ்சண மூலையில்கூடச் சின்னதாகக் கோடு போட்டிருந்தார். பக்கத்தின் ஓரத்தில் வடக்குக் குறி, அம்பு நேராக என் சமையலறையைக் காட்டிக்கொண்டு. மேலே, வரைய ஆரம்பித்த தேதி: ஜனவரி 8.

"போஸ்ட்கோடு குடுத்தியல்லோ? மேப்புல அன்னிக்கே பாத்துட்டேன். தெனமும் நெலம் அளக்கறவனுக்குத் தெக்கு எதுன்னு தெரியாதா?"

"அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன். அப்பறம் ஒவ்வொருக்கா வூட்டச் சுத்திக் காட்டறப்பயும் உம்மூஞ்சி அவ்வளவு நல்லா இருந்துது. கேட்டா மாறிப்போயிருமேன்னு வுட்டுட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று மாதம்! மேகத்துக்கு நன்றி சொல்லி, போனைக் கூரைக்குத் திருப்பி, ராத்திரி தூங்காமல்! பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன். பிறகு அந்த நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாடிப்படியில் நான் வழக்கமாக உட்காரும் நாலாவது படிக்குப் பக்கத்தில் 'மே' என்று என் பெயரின் முதலெழுத்தை எழுதியிருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அத்தைக்கு?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கெழக்குன்னு நானும் சொல்லிவெச்சிருக்கறேன். நாளைக்குச் சித்திர ஒண்ணு. வாசல்ல நிக்க வெச்சுப் பாக்கோணுங்குது அம்மா."

ஏப்ரல் 14, திங்கள்

இன்று விடுப்பு. காலையில் மழை வருமா என்று நான் பார்த்த பார்வையில் எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டார். ஒரு துளி மேகம் இல்லை.

பதினொன்றுக்கே கூப்பிட்டிருந்தால் வெயில் சற்றுச் சாய்வாகவாவது இருந்திருக்கும். அத்தை கோயிலுக்குப் போய்விட்டு, பொங்கல் வைத்துவிட்டு, இங்கே பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் வாசல்ல ஜோடியா நில்லுங்க. பாக்கறேன்."

நின்றோம். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இரண்டு பேருக்கும் கண் கூசியது. சுவரோரம் நாற்காலியில் இருந்த லொரெய்ன் போனைப் பார்த்துக் கையாட்டினாள்.

"நல்ல வெயிலு" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "அங்க மணி என்ன இப்ப?"

"பன்னண்டரைங்மா" என்றார் பூபதி.

"பன்னண்டரைக்குக் கெழக்குல எப்பிட்றா வெயிலு?"

எக்ஸ்ரே எடுக்கும்போது சொல்வோமே, மூச்சைப் பிடிங்க, விடாதீங்க என்று. அப்படி நின்றேன். பூபதி தொண்டையைச் செருமினார். "இந்த ஊரு சூரியன் கொஞ்சம் சோம்பேறிம்மா. லேட்டாத்தான் எந்திரிக்குது."

அத்தை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். என்னை, அவரை, கதவை, படியை, சுவரோரம் நாற்காலி போட்டிருக்கும் வெள்ளைக்காரியை.

"பவானி வூட்டு வாசல்ல ஒருநாளும் இப்பிடி வெயில் வுழுந்ததில்லடா" என்றார். "எதுத்தாப்புல மில்லுச் செவுரு. உங்கப்பன் பகல்லயே லைட்டுப் போட்டுத்தான் பேப்பர் படிப்பாரு."

லொரெய்ன் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"செரி" என்றார் அத்தை. "அந்தச் சோம்பேறிச் சூரியன் எறங்கற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கியே நில்லுங்க. மேகலா, ஒழுங்கா மூஞ்சியக் காட்டி நில்லு கண்ணு. வெளுத்துக் கெடக்கற."

போனை வைத்துவிட்டார். நாங்கள் உள்ளே போகவில்லை.